பேர் சொல்லாமல் கிளம்பிய வண்டி

முத்துப்பேச்சியின் கடை வாசலில் ‘அமைதி இறுதிப் பயணச் சேவை’ என்று பெரிய பலகை உண்டு. அதை யார் படித்தார்கள்? ஊருக்கு அது ஐஸ் பெட்டிக் கடை. ஒரு வீட்டில் எழவு விழுந்தால் முதல் ஓட்டம் அங்கேதான். உடலைக் கிடத்தப் பெட்டி, குளிப்பாட்டித் துணி மாற்ற ஆள், சுடுகாட்டுக்கு வண்டி, எல்லாம் அங்கே கிடைக்கும். மற்ற நாளில் எதிர்ச்சாரியில் ஒதுங்கி நடப்பார்கள்.

அவளிடம் சீடராக வந்தவர் சொரிமுத்து. அவளைவிட வயதில் மூத்தவர், பேர்போன கல்யாணச் சமையல்காரர். அவர் பெண்டாட்டி தொற்று நோயில் செத்தபோது சொந்தக்காரன் ஒருத்தன்கூடக் கிட்டே வரவில்லை. முத்துப்பேச்சி வந்தாள். செத்தவள் பேரைக் கேட்டுக்கொண்டு, “வடிவு, தண்ணி ஊத்துதேன்” என்று சொல்லிச் சொல்லிக் குளிப்பாட்டினாள். காரியம் முடிந்ததும் சொரிமுத்து கரண்டியைப் போட்டுவிட்டு, எனக்கும் இதைக் கற்றுக்கொடு தாயி என்று அவள் கடையில் வந்து நின்றார்.

அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். வண்டி கிளம்புமுன் உள்ளே இருப்பவர் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாமல் சாவியைத் திருகக் கூடாது. ஏன் என்று அவர் கேட்டார். அவள் வண்டியைத் துடைக்கப் போய்விட்டாள்.

அதன்பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்காரனும் அவரைச் சமைக்கக் கூப்பிடவில்லை. அது போகட்டும் என்று விட்டுவிட்டார். அக்கா பூரணத்தின் மகள் கனகாவுக்குக் கல்யாணம் வந்தது. இதையா விட முடியும்? தாய்மாமன் அவர். பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவர். படுத்த படுக்கையாய்த் தன் வீட்டில் கிடக்கும் அம்மாவிடம் கேட்டுத்தான் மாலைக்குச் சொல்லிவைத்திருந்தார். கல்யாணத்தன்றைக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுக்காரியையும் ஏற்பாடு செய்திருந்தார்.

முந்தின நாள் அத்தான் வந்தார். செருப்பைக் கழற்றாமல் கடை வாசலிலேயே நின்றார். பிணம் தொட்ட கை பெண்ணைத் தொடக்கூடாது என்று சம்பந்தகாரர் சொல்லிவிட்டாராம். பங்காளி முறையில் வேறொருத்தனைத் தாய்மாமனாக நிறுத்துகிறார்களாம். நீ வருத்தப்படக்கூடாது என்றும் ஒரு வார்த்தை சொன்னார். என்ன தாராளம்!

அந்தச் சம்பந்தகாரர் யார் தெரியுமா? அவருடைய அப்பா செத்துக் கிடந்தபோது மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு தெருவில் நின்ற மனுஷன். கிழவரைக் கழுவித் துடைத்து, நகம் வெட்டி, மீசைகூட ஒதுக்கிவிட்டது சொரிமுத்துவின் இந்தக் கைதான். அன்றைக்கு இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் இன்றைக்கு இந்தக் கையால் பெண்ணைத் தொடாதே என்கிறார். கேட்டுக்கொண்டிருக்க நமக்கே வயிறு எரிகிறது. சொரிமுத்துவுக்கு எப்படி இருந்திருக்கும்?

கல்யாணத்தன்று காலை அவர் மாலைப் பொட்டலத்தோடு நேரே கடைக்கு வந்தார். தூங்காத கண். முத்துப்பேச்சி பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“தாயி, இந்த ஊருக்கு நாம யாரு?”

அவள் கழுவுவதை நிறுத்தினாள்.

“பதில் சொல்லு தாயி. நாயா நாம? எழவுன்னா நடுராத்திரி கதவைத் தட்டுதான். நல்லதுன்னா மூஞ்சியத் திருப்புதான். இன்னைக்கு நம்ம வண்டியக் கொண்டுபோய் மண்டபத்து வாசல்ல நிறுத்தப் போறேன். அத்தனை பேரும் எந்திரிச்சு நிக்கட்டும்.”

“கோவம் எனக்கும் உண்டு அண்ணாச்சி,” என்றாள் முத்துப்பேச்சி. சொன்னது மெய்தான். கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கே அவளுக்குச் சொல்லி விடவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

தடுப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் விடவில்லை. வண்டியில் ஆள் இருந்தால்தான் பக்கத்துத் திரையை இறக்கிவிடுவது வழக்கம். காலி வண்டி என்றால் சுருட்டிக் கட்டியிருக்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொரிமுத்து வேண்டுமென்றே திரையை இறக்கினார்.

முத்துப்பேச்சி பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“பேரு?” என்றாள்.

“உள்ள ஒருத்தரும் இல்ல. பேரு என்ன பேரு!”

சாவியைத் திருகினார்.

கடைத்தெருவில் வண்டி நுழைந்ததும் நகைக்கடைக்காரர் எழுந்து நின்றார். பலசரக்குக் கடையில் கதவைப் பாதி சாத்தினார்கள். எதிரே வந்த டவுன் பஸ் ஓரங்கட்டி நின்றது. நேற்றுவரை எதிர்ச்சாரியில் ஒதுங்கிப் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். சொரிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நில்லுங்கடா, நல்லா நில்லுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

மண்டப வாசலில் மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். சம்பந்தகாரர் வாசலில்தான் நின்றார். வண்டியைப் பார்த்ததும் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரம் தானாக இடுப்புக்கு இறங்கியது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். இதைப் பார்க்கத்தானே சொரிமுத்து வந்தார்? பார்த்தார். இன்னும் கொஞ்சநேரம் பார்க்கலாம் என்று வண்டியை அங்கேயே நிறுத்தினார்.

அதற்குள் யாரோ உள்ளே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பூரணம் வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. கையில் தாலித் தட்டு. ஆசீர்வாதம் வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்திருக்கிறாள். முதலில் வண்டியைப் பார்த்தாள். பிறகு ஓட்டுகிற இடத்தில் தம்பியைப் பார்த்தாள். இறக்கிவிட்ட திரையைப் பார்த்தாள்.

தட்டு ஒருபக்கம் சரிந்தது. அட்சதை தரையெல்லாம் சிந்தியது.

“ஏலே,” என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாவாலே?”

சொரிமுத்துவின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அம்மா வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அவர்தான் ஊட்டிவிட்டு வந்தார். ஆனால் அவர் வண்டியில், அவர் இறக்கிய திரைக்குப் பின்னால், அவர் அம்மா செத்துக் கிடந்தாள். அக்கா கண்ணில் அது தெரிந்தது. மாலைப் பொட்டலம் அவர் மடியில் இருந்தது. மாலைகூடக் கொண்டுவந்திருக்கிறானே என்று அவள் அதையும் பார்த்தாள்.

அவர் முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பினார்.

“கெளம்புறப்ப நான் கேட்டேன் அண்ணாச்சி,” என்றாள் அவள். “இப்ப அக்கா கேக்காவ. பேரைச் சொல்லுங்க.”