அவலுக்கு ஒரு கல், வெல்லத்துக்கு ஒரு கல்

ராசாக்கள் ஆண்ட காலத்துக் கதை இது, கேளுங்கள். கடற்கரையில் ஒரு நாடு, மலைமேல் ஒரு நாடு. கடல்நாடு நம்முடையது. இங்கே எல்லாம் படிக்கணக்கு. அங்கே எல்லாம் தராசுக்கணக்கு.

நம் இளவரசி கயற்கோதையை மலைநாட்டு இளவரசனுக்குப் பேசி முடித்தார்கள். மலைநாட்டில் ஒரு வழக்கம். பெண்வீட்டார் மணமகன் வீட்டு அடுப்பில் தங்கள் ஊர்ப் பாயசம் வைக்க வேண்டும். தராசில் நிறுத்த சாமான்தான் பானைக்குள் போகலாம். மூன்று பானை வரைக்கும் பொறுப்பார்கள். மூன்றையும் மாமியார் ஒதுக்கிவிட்டால், பெண் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பாயசம் வைக்கப் போனவள் அரண்மனைச் சமையற்காரி மருதி. அவல் பாயசத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவள் மறைத்ததும் இல்லை. அவல் ஒரு படி, பொடித்த வெல்லம் ஒரு படி, தேங்காய்ப்பால் மூன்று படி. அவ்வளவுதான் அவள் கணக்கு.

கையோடு கொண்டுபோன படியில் வெல்லப்பொடியைத் தலைதட்டி அளந்து தராசில் கொட்டினாள். அதற்குச் சரியாக நின்ற கல்லையே அவலுக்கும் வைத்தாள். படி ஒன்று என்றால் எடையும் ஒன்றுதானே என்ற நினைப்பு. அவலோ லேசு, தட்டில் மலைபோலக் குவிந்தது. தராசுநாட்டில் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள். முதல் பானை களியாகிவிட்டது. மாமியார் ஒதுக்கினாள்.

இரண்டாம் பானைக்கு அவலைத் தனியாக அளந்து, தனிக் கல் பார்த்தாள். பதற்றத்தில் வெல்லத்தையும் மறுபடி அளந்தாள், ஆனால் பொடிக்காமல் கட்டிகட்டியாகப் படியில் போட்டாள். கட்டிகளுக்கு நடுவே வெறும் இடம். எடை குறைந்தது, பாயசம் சப்பென்று ஆனது. அதையும் மாமியார் ஒதுக்கினாள்.

கயற்கோதை ஓரமாகப் போய் அழுதாள். தராசு கோணல் என்று சொல்லிவிடு என்று கூடப்போனவர்கள் மருதியின் காதைக் கடித்தார்கள். அப்படிச் சொன்னால் பழி தராசு பிடித்த களஞ்சியக்காரர் வேட்டன் தலையில் விழும்.

மருதி சபையின் நடுவே போய் நிமிர்ந்து நின்றாள்.

"தராசு சரியாத்தான் இருக்கு, ரெண்டு தரமும் தப்பு என்னோடது. இன்னொரு பானை எனக்குப் பாக்கி இருக்கு. வேட்டண்ணே, தராச நீங்களே பிடிங்க."

மூன்றாம் முறை அவலை அமுக்காமல் அளந்தாள், ஒரு கல். வெல்லத்தை நன்றாகப் பொடித்து அளந்தாள், இன்னொரு கல். பாலை நுரை அடங்கவிட்டு அளந்தாள், வேறொரு கல். ஒன்றின் கல்லை மற்றொன்றுக்கு வைக்கவில்லை. பிறகு அடுப்பை மூட்டினாள்.

மாமியார் ஒரு வாய் குடித்தாள். பிறகு கிண்ணம் காலியாகும்வரை தலை நிமிரவில்லை.

"இந்தக் கல்லுங்கள எங்க களஞ்சியத்துலயே வச்சுட்டுப் போ, மருதி. என் மருமவ வீட்டுப் பாயசம் இனி எங்க பாயசம்."

கல்யாணம் ஊர்மெச்ச நடந்தது. நம் ஊர்ப் பெண்ணல்லவா மருதி, சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஒன்றின் அளவால் இன்னொன்றை நிறுக்காமல், தன் தவறைத் தன் வாயால் சொல்லித் திருத்திக்கொள்கிறவருக்கு எந்த நாட்டிலும் தலைகுனிவு இல்லை.