சாயம் விடாத கிருமி

“நான் நல்லவன் இல்ல டாக்டர். இன்னைக்குக் காலையில தெரிஞ்சு போச்சு.”

அற்புதராஜ் இதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். ஐம்பது தாண்டிய மனுஷர். ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டு, இப்போதுதான் கிருமிப் பரிசோதனை கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். கற்றுக்கொடுக்கும் டாக்டர் நூர்நிஷாவுக்கு அவர் தங்கச்சி வயசுகூட இருக்காது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு அவளுக்கு. அவ்வளவு சிக்கனம்.

“என்ன ஆச்சுண்ணே?”

“கஞ்சித் தம்ளரைத் தூக்கி எறிஞ்சுட்டேன். அவ மேல படல. ஆனா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.”

அவள் என்றால் ஜெயசீலி, அவர் மனைவி. பக்கவாதம் வந்து படுத்து மூணு வருஷம் ஆகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இவர்தான். ஊரே மெச்சும். மெச்சுகிறவன் எவனும் ஒருநாள் வந்து ஒரு போர்வை அலசிப் போட்டதில்லை, அது வேறு விஷயம்.

“என் சாயம் வெளுத்துப் போச்சு டாக்டர். பொறுமைசாலின்னு இத்தனை நாள் வேஷம் போட்டிருக்கேன். சாயங்காலம் அவளைக் காப்பகத்துல விட்டுடப் போறேன். என் கையில அவ இருக்கக் கூடாது.”

நூர்நிஷா ஒரு கண்ணாடி ஸ்லைடை எடுத்தாள். தட்டில் வளர்ந்திருந்த கிருமியில் துளி எடுத்துத் தடவி, தீயில் காட்டினாள்.

“இது என்ன?”

“நேத்து நான் பார்த்ததுதானே. ஸ்டெஃபைலோகாக்கஸ். திராட்சைக் கொத்தாட்டம் இருக்கும்.”

“என்ன நிறம் வரும்?”

“ஊதா. சுவர் தடிப்பு. உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் வெடிக்காம பிடிச்சு வச்சிருக்கிறது அந்தச் சுவர்தான். ஊதாச் சாயமும் அதுல மாட்டிக்கும். ஸ்பிரிட் ஊத்தினாலும் போகாது. சுவர் மெலிசா இருக்கிற கிருமிதான் ஊதாவை விட்டுட்டு, அடுத்து ஊத்துற சிவப்பைப் பிடிச்சுக்கும்.”

ஊதாச் சாயம் ஊற்றினாள். அயோடின் ஊற்றினாள். பிறகு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஸ்பிரிட்டை விட ஆரம்பித்தாள்.

“உங்களைக் கொஞ்சம் மாத்திவிட ஆள் இல்லையா?”

“தங்கச்சி இருக்கா, பாக்கியம். வர்றேன் வர்றேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன். என் பொண்டாட்டிய நான் பார்த்துக்க மாட்டேனா? டாக்டர், போதும். பத்து செகண்டுக்கு மேல ஸ்பிரிட் ஆகாது, தண்ணி விடுங்க.”

“சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“தூக்கமே கிடையாது. அலுத்துப் போச்சு டாக்டர். அப்படிச் சொல்லவே வெக்கமா இருக்கு.” அவர் கண் ஸ்லைடை விட்டு நகரவில்லை. “ஐயோ, கழுவுங்க டாக்டர், கெட்டுப் போகுது!”

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தொட்டியில் ஊதா ஓடி, வெளிறி, கடைசியில் வெறும் ஸ்பிரிட்தான் ஓடியது.

அப்புறம் தண்ணீர். அப்புறம் சிவப்புச் சாயம். கழுவிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அற்புதராஜ் குனிந்து பார்த்தார்.

கொத்துக் கொத்தாக, அத்தனையும் சிவப்பு.

“மெலிசுச் சுவர்தான் போல,” என்றாள் நூர்நிஷா. “ஊதான்னு இத்தனை நாள் வேஷம் போட்டிருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?”

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“அது என்ன பண்ணும்? எந்தச் சுவர்தான் தாங்கும்? நீங்க நிறுத்தவே இல்லையே!”

அவள் கை கழுவப் போனாள்.

குழாயை மூடித் திரும்பியபோது, அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“பாக்கியம், அண்ணன்தான். எனக்கு முடியலம்மா. இன்னைக்கே பஸ் ஏறு.”