வேப்பங்கொத்து கட்டிய கப்பல்

வடக்கே ஒரு பேரரசு, தெற்கே ஒரு பேரரசு. இரண்டும் கடலில் மோதிக்கொண்டிருந்தன. நடுவில் வெண்மணல் என்றொரு சின்ன நாடு.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவோமே, அதுபோல வெண்மணல் கப்பல்கள் பாய்மர உச்சியில் வேப்பங்கொத்து கட்டிப் போகும். ‘நாங்கள் யார் பக்கமும் இல்லை, தொடாதே’ என்று அர்த்தம். இரு படைகளும் விலகி வழிவிடும்.

அப்படிப்பட்ட கப்பல் ஒன்றைத் தென்னாட்டார் மூழ்கடித்துவிட்டார்கள். ஒருத்தரும் மிஞ்சவில்லை.

துறைமுக அமைச்சர் நன்மாறனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. போர் முரசு அடிக்கலாமா என்று அரசர் அவரைத்தான் கேட்டிருந்தார். அடுத்த கப்பல் இன்றைக்குப் புறப்படுகிறது. அதில் அவருடைய மகன் கதிரவேள் போகிறான்.

கடற்கரை அம்மன் கோயிலுக்கு ஓடினார். அவருடைய குரு செவ்வந்தியம்மை பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

“வேப்பிலையைப் பார்த்துட்டும் இடிச்சிருக்காங்க அம்மா. பாவிங்க!”

“பாவந்தான். செத்த பிள்ளைங்களுக்காகத்தான் இந்தப் பூ. கப்பல்ல என்ன இருந்தது?”

“அரிசி.”

“அரிசிக்குக் கீழே?”

“இரும்பு. வடநாட்டானுக்கு வேல் அடிக்க.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“இன்னைக்குப் போற கப்பல்ல?”

“அதுலயும் இருக்கு.”

செவ்வந்தியம்மை எழுந்தார். கோயில் வேம்பில் ஒரு கொத்து ஒடித்தார். நேரே துறைக்கு நடந்தார். நன்மாறன் பின்னாலேயே போனார்.

கப்பல் தயாராக நின்றது. மாலுமி கொத்துக்குக் கை நீட்டினான். அம்மையார் கொடுக்கவில்லை, நன்மாறன் கையில் வைத்தார்.

“நீயே கட்டு.”

“அம்மா... இரும்பை இறக்கிடறேன்னே வைங்க. அப்புறமும் அவன் இடிச்சான்னா?”

“அப்போ முரசடிக்க நானும் வர்றேன்.”

மேல்தட்டிலிருந்து கதிரவேள் சிரித்தபடி எட்டிப் பார்த்தான். “அப்பா, என்ன நிக்கறீங்க? சட்டுனு கட்டுங்க, காத்து திரும்பிடுச்சு!”

“பிள்ளை கூப்பிடறான் பாரு,” என்றார் செவ்வந்தியம்மை. “கட்டு.”

நன்மாறனின் கை எழவில்லை.