கவைக்குக் கீழே

ரம்பத்தின் பல் பட்டையில் பதிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் போஜன் சிரித்தார்.

"இந்த வருஷமும் வெட்டுறீங்களா சார்? கொடிக்கம்பம் தயார். கொடிதான் வர மாட்டேங்குது."

சுபேதார் குஞ்சிதபாதம் ரம்பத்தை நிறுத்தினார். கழுத்தை மட்டும் திருப்பும் ஆள் இல்லை அவர். திரும்பினால் முழு உடம்போடு திரும்புவார். தெருவில் அதற்கு ராணுவ முறுக்கு என்று பெயர். ஸ்வெட்டருக்குள் இடுப்பை இறுக்கி ஒரு பெல்ட் இருப்பதும், முதுகெலும்பை இரும்புத் தகடு ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதும் தெருவுக்குத் தெரியாது. லடாக்கில் லாரி கவிழ்ந்த கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குனிந்து எடுக்க வேண்டிய எதையும் தரையில் வைப்பதில்லை. வாளி, கொத்து, கத்தரி எல்லாம் மதில் மேல்தான். முறுக்கு என்ற பெயர் அவருக்கு வசதியாகவே இருந்தது.

"வெட்டினாத்தான் நேரா வளரும்," என்றார்.

மார்கழி பிறந்துவிட்டது. ஊட்டியில் இனி எந்த விடியலிலும் உறைபனி விழலாம். அதற்கு முன் எக்காளப் பூச்செடியைக் குறைத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். ஊமத்தை இனம்தான். பூ மட்டும் முழ நீளத்துக்கு எக்காளம் மாதிரி தலைகீழாகத் தொங்கும். இலை, பூ, காய் எல்லாமே விஷம். தொட்டால் கையைக் கழுவ வேண்டும். தெருவில் அமலோற்பவம் டீச்சர் யாருக்கு நடக் கம்பு வெட்டிக் கொடுத்தாலும் முதலில் சொல்வது அதைத்தான்.

சுபேதாரின் செடி இதுவரை பூத்ததில்லை. போன குளிருக்கு முன் இடுப்பு உயரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. வரிசையிலிருந்து ஒருவன் விலகி நிற்பது போல அவர் கண்ணை உறுத்தியது. பிரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே சுத்தமாக அறுத்து, வெட்டுவாயில் சாம்பல் பூசி, டீச்சரைக் கூட்டிவந்து காட்டினார். டீச்சர் சுற்றி வந்து பார்த்தார். "நல்லா நேரா நிக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார். இப்போது அதே தண்டு நெற்றி உயரத்தில் மறுபடி பிரிந்திருந்தது.

"சார், அதுக்குப் பேரு கவை," என்றார் போஜன். "பூ வர்றதே அதுக்கு மேலதான். அதை அறுத்துப் போட்டுட்டு, பூ எங்கேன்னு கேட்டா எப்படி?"

"யார் சொன்னது?"

"டீச்சர்தான். எனக்குக் கம்பு கொடுத்த அன்னைக்கே சொன்னாங்க. என்னுது கவைக்கு மேல வெட்டினது. அது ஏற்கெனவே வயசுக்கு வந்த கம்பு, அந்த வருஷமே பூத்துது. உங்களுக்கு அடித்தண்டுல வெட்டிக் கொடுத்தாங்க. அது பச்சைப்பிள்ளை. வளர்ந்து, ஆளாகி, கவை விட்டு, அப்புறம்தான் பூ. ஆளாகிற நேரம் பார்த்து நீங்க மொட்டை அடிச்சீங்க."

"உங்க எதிர்லயா வெட்டினாங்க?"

"உங்க எதிர்லயும்தான். நீங்க வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க."

போஜனுக்குக் கேரட் மண்டி. பேச்சில் விட்டுக்கொடுக்கிற தொழில் இல்லை. அவருடைய செடி தொட்டியில், இடுப்புக்குக் கீழே குட்டையாகப் படர்ந்து, வருஷாவருஷம் பூத்தது. குளிர் வந்ததும் தொட்டியோடு தூக்கி விறகு அறைக்குள் வைத்துவிடுவார். பூத்ததும் சுபேதார் கண்ணில் படுகிற மாதிரி வேலியோரம் கொண்டுவந்து வைப்பார்.

சுபேதாருக்கு அந்த நாள் நினைவு வந்தது. டீச்சர் தன் மரத்தின் மேல்கிளையில் போஜனுக்கு ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தார். அதே இடத்தில் இன்னொன்று வெட்டி இவரிடம் நீட்டினார். கை நழுவி அது கீழே விழுந்தது. "போஜன், அதை எடுங்க," என்றார் இவர். "நான் என்ன உங்க ஆர்டர்லியா?" என்று போஜன் அசையாமல் நின்றார். டீச்சர் குனிந்து கம்பை எடுத்தார். இவரை ஒரு தரம் பார்த்தார். எடுத்த கம்பைத் தன் கூடையில் போட்டுக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து, அடித்தண்டில் வேறொன்று வெட்டிக் கொடுத்தார்.

திமிர் பிடித்த கிழவனுக்குப் பூக்காத கம்பு. டீச்சர் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அவர் ரம்பத்தோடு தெருவில் இறங்கி நடந்தார்.

அமலோற்பவம் டீச்சருக்குச் சுபேதாரின் மகளாக இருக்கக்கூடிய வயதுதான். பெண்கள் பள்ளியில் வேதியியல். தோட்டம் போடுகிறவர்கள் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். சந்தேகம் கேட்கும்போது சுபேதார் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. நாற்காலி போட்டாலும் நின்றுகொண்டேதான் கேட்பார். அந்தத் தெருவில் அவர் அப்படி நின்றது ஒரே ஒருவர் முன்னால்தான்.

"டீச்சர், ஒண்ணு கேட்கணும்."

"ரம்பத்தைக் கீழே வைங்க. இல்ல, அப்படி மதில் மேல வைங்க. கேளுங்க."

"ஒரே மரம். ஒரே நாள். போஜனுக்கு மேல்கம்பு, எனக்கு அடிக்கம்பு. ஏன்?"

டீச்சர் கொட்டகைக்குப் போய் மிலார்க் கட்டு ஒன்றை எடுத்துவந்து அவர் தோளில் சாத்தினார். மிலார் கோத்தகிரிப் பக்கம் மண்டிக் கிடக்கிற புதர். பனிக்காலத்தில் அதன் கிளைகளைக் கட்டிச் செடிகளுக்குக் குடை போடுவது மலையில் வழக்கம்.

"நடங்க," என்றார்.

சுபேதார் வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி, கவைக்கு மேலே மிலாரை வளைத்துக் கட்டினார் டீச்சர். ரம்பம் பதிந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பட்டை மட்டும்தான் கீறியிருந்தது.

"இனி இந்தக் கவைக்குக் கீழே ரம்பம் படக் கூடாது. மேலே இருக்கிற நுனி கருகினா கருகட்டும். கவை பிழைக்கணும்."

"கேட்டதுக்குப் பதில்?"

"பூத்ததும் கேளுங்க."

"பூக்கலேன்னா?"

"உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு பதில் இருக்கே. அதையே வச்சுக்கங்க."

சுபேதார் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் காவல் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு நினைப்பு கிடையாது. உறைபனியை வெயில் தொடுவதற்கு முன் தண்ணீர் தொட வேண்டும். முந்திக்கொண்டு வெயில் தொட்டுவிட்டால் இலை வெந்து கறுத்துவிடும். தெளிப்பானை மதில் மேல் தயாராக வைத்திருப்பார். கிழக்கு வெளுக்கும்போதே கம்பளித் தொப்பியோடு வந்து நின்று, வெள்ளை பூத்துக் கிடக்கிற கவையை நனைப்பார். விரல்கள் மரத்துப்போகும். உள்ளே போய் அடுப்பில் கை காட்டிவிட்டு மறுபடி வருவார்.

ஒரு விடியலில் மிலார் தரையில் கிடந்தது. இரவில் காட்டெருமை உரசிவிட்டுப் போயிருந்தது. புல்வெளி உப்புக் கொட்டினாற்போல வெளுத்திருந்தது. கவை மொட்டையாக நின்றது.

அவர் தரையில் கிடந்த மிலாரைப் பார்த்தார். காலால் இழுத்துப் பார்த்தார். மதிலோரம் வரைதான் வந்தது, மேலே வரவில்லை. தெருவில் யாரும் இல்லை. கூப்பிட்டால் போஜன் வருவார். அவர் கூப்பிடவில்லை.

போட்டிருந்த ராணுவக் கோட்டைக் கழற்றி, கவையின் இரண்டு கைகளிலும் கோட்டின் இரண்டு கைகளையும் மாட்டி, பித்தான்களைக் கழுத்து வரை போட்டுவிட்டார். வெயில் ஏறும்வரை ஸ்வெட்டரோடு பக்கத்திலேயே நின்றார்.

பல் குச்சியோடு வெளியே வந்த போஜன் வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன சார், ஆளைச் சேர்த்தாச்சா? உயரம், மார்பு அளவு எல்லாம் சரியா இருக்கா?"

"உங்களைவிட ஒழுங்கா நிக்கிறான்."

மறுநாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் கோட்டை மாட்டுவதும், காலையில் கழற்றுவதும் நடந்தது. தெருப்பிள்ளைகள் செடிக்கு சல்யூட் அடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள்.

தை முடிவதற்குள் நுனிகள் கருகி உதிர்ந்தன. கவை பச்சையாகவே நின்றது. பங்குனியில் இரண்டு கைகளிலும் துளிர் வந்தது. சித்திரை மழை விழுந்து ஓய்ந்த ஒரு வாரத்தில், இலைகளுக்கு நடுவே பச்சை விரல்கள் மாதிரி மொட்டுகள் தொங்கின. போஜன் அதைப் பார்த்தார். அன்று முழுக்க வேலிப்பக்கம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் எல்லாம் சேர்ந்து விரிந்தன. எலுமிச்சையும் தேனும் கலந்தாற்போல ஒரு வாசனை தெரு முனை வரை போனது. சுபேதார் சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பூத்திருக்கு," என்றார்.



டீச்சர் நேராக அவர் வீட்டுக்கு வரவில்லை. வழியில் சுபேதாரோடு போஜன் வீட்டில் நின்றார்.

"உங்க பூவைக் காட்டுங்க போஜன்."

போஜனுக்கு மகிழ்ச்சி. தொட்டியருகே மண்ணில் மல்லாந்து படுத்து, தலையை ஒரு பூவுக்கு அடியில் நுழைத்தார்.

"அடடா, உள்ளே தொண்டை வரைக்கும் பச்சைக் கோடு ஓடுது. வாங்க சார், வந்து பாருங்க. பயிற்சியில எவ்வளவு மண்ணுல உருண்டிருப்பீங்க, இப்ப என்ன?"

"எனக்கு இங்கிருந்தே தெரியுது."

"அங்கிருந்து பூவோட முதுகுதான் தெரியும் சார்."

டீச்சர் குனிந்து ஒரு பூவை நிமிர்த்திப் பார்த்துவிட்டு விட்டார். "நல்லா வச்சிருக்கீங்க," என்றார். பிறகு மூவரும் பக்கத்திலிருந்த சுபேதாரின் தோட்டத்துக்குப் போனார்கள். பூவைத் தொட்ட கைகளைக் கழுவ, போஜன் தன் வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார்.

சுபேதார் மரத்தின் கீழே போய் நின்றார். சுற்றிலும் தலைக்கு மேல் பூக்கள். மாலை வெளிச்சம் அவற்றின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். ஒரு பூ முழுவதுமாக அவரைப் பார்த்துத் திறந்திருந்தது. வெளியே வெண்மை. உள்ளே போகப்போக இளமஞ்சள். பச்சைக் கோடுகள் எல்லாம் ஓடிப்போய் ஒரே இடத்தில் சேர்ந்தன. அவர் கையை நீட்டி அதன் உதட்டைத் தொட்டார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

போஜன் சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க டீச்சர்," என்றார் சுபேதார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்குக் கீழே விழுந்த கம்பை ஏன் எனக்குத் தரல?"

"இந்தப் பூ எங்கே பூத்தாலும் மண்ணைப் பார்த்துத்தான் பூக்கும். உள்ளே பார்க்கணும்னா முகம் அதுக்குக் கீழே போகணும். மேல்கம்பு குட்டையாத்தான் நிக்கும். போஜன் படுத்துக்கிறார்."

சுபேதார் பூவின் உதட்டிலிருந்து கையை எடுத்தார்.

"போன வருஷம் இடுப்பு உயரத்துல கவை விட்டப்ப அறுத்துட்டு வந்து காட்டினீங்க. அப்பவே சொல்லியிருக்கலாம். சரி, இன்னும் கொஞ்சம் உயரம் வரட்டும்னு விட்டுட்டேன்."

மண் தட்டுகிற சத்தம் நின்றது.

"இப்ப எப்படி நின்னு பார்க்கிறீங்க சுபேதார் சார்?"

"எப்பவும் நிக்கிற மாதிரிதான்."

"அதுக்குத்தான்," என்றார் டீச்சர்.

போஜன் குனிந்து, மரத்தடியில் வைத்த வாளியை எடுத்து, மதில் மேல் சுபேதாரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.