தலைப்பாகைக்குக் கீழே

ஜெசிந்தாவிடம் பொம்மை செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் தவசிமுத்துதான் மூத்தவர். குருவுக்கு முப்பது தாண்டியிருந்தது, சிஷ்யருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் யாருக்கு மரியாதை செய்வது என்று தெரியாமல் காலையில் இரண்டு பேருமே எழுந்து நிற்பார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் அவள் பட்டறை. ஒரு சாண் உயரப் பொம்மைகள். சின்ன உடம்பு, எலுமிச்சம்பழம் அளவுக்குத் தலை. குழந்தைகள் விளையாட அல்ல. வளர்ந்தவர்கள் வாங்கி, மேசையில் வரிசையாக நிறுத்தி, தூசி தட்டி, தங்கள் சின்ன வயசைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு.

முதல் நாள் அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். களிமண்ணில் கைரேகை தங்கக் கூடாது. வழித்துவிட வேண்டும்.

இந்த முறை வரிசைக்குப் பெயர் 'பள்ளிக்கூட வாசல்'. நெல்லிக்காய்க்காரம்மா தயார், ஐஸ் வண்டிக்காரர் தயார். ஜவ்வுமிட்டாய்க்காரரை மட்டும் தவசிமுத்து கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய அப்பாவுக்கு அதுதான் தொழில்.

களிமண்ணில் அப்பா எழுந்து நின்றார். தோளில் மூங்கில் கம்பு, கம்பின் உச்சியில் கைதட்டும் பொம்மை, இழுத்த மிட்டாயில் வாட்ச் முறுக்கும் விரல்கள். பிள்ளைகளின் கன்னத்தில் ஒட்டிவிட மிச்சம் பிடித்த துணுக்குகூட இருந்தது. தலையில் துண்டுத் தலைப்பாகை.

செய்யும்போதே குரலும் வரும். "வாட்ச் வேணுமா, தேள் வேணுமா மாப்ளே?" என்று மூக்கால் இழுப்பார். உடனே குரலை மாற்றி, அப்பாவை வாசலிலிருந்து விரட்டும் ஹெட்மாஸ்டராக உறுமுவார். பட்டறையே சிரிக்கும். அச்சு அசல் என்பார்கள்.

அச்சு எடுப்பவர் வரவேண்டிய நாள் வந்தது. அச்சு எடுத்துவிட்டால் அப்புறம் அப்பாவை யாராலும் மாற்ற முடியாது. ஜெசிந்தா பொம்மையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"தலைப்பாகை தனியா கழலணும்ணே. வாங்குறவங்க முதல்ல அதைத்தான் கழட்டிப் பார்ப்பாங்க."

தவசிமுத்து கம்பியால் அறுத்து, தலைப்பாகையைத் தூக்கி எடுத்தார். கீழே முட்டை ஓடு மாதிரி மழமழவென்று மண்.

முடி கீறினார். அழித்தார். இடப்பக்கம் வகிடு எடுத்தார், அழித்தார். வழுக்கையாக்கிப் பார்த்தார். அதையும் அழித்தார்.

"வழுக்கையாண்ணே?"

"இருந்திருக்கும்."

"சுழி எந்தப் பக்கம்?"

அவர் கத்தியைத் துடைத்தார். வீட்டில் இருக்கும் ஒரே படத்திலும் தலைப்பாகைதான் என்றார்.

"நான் படத்தைக் கேக்கலையே."

அப்புறம்தான் அவர் மெல்லச் சொன்னார். சின்ன வயசில் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார். மோவாயையும் மூக்குத் துவாரத்தையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவார். ஒன்பதாம் வகுப்பில் அப்பாவைவிட உயரமாகிவிட்டார். அந்த வருஷம்தான், எங்க ஸ்கூல் வாசலுக்கு வராதீங்க என்று அப்பாவிடம் சொன்னது. மற்ற பையன்கள் அப்பா குரலில் கூவிக் கேலி செய்தார்கள். அவர்கள் கூவுவதற்கு முன்னால் தானே கூவிவிட்டால் வலிக்காது என்று இவர் கூவிப் பழகியதும் அப்போதுதான்.

அப்பா கோபப்படவில்லை. பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல் பக்கம் வாட்ச் நல்லாவே போகும் என்று சொல்லிவிட்டுக் கம்பை மாற்றுத் தோளில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். இவர் தாண்டிப் போவார். குனிந்து பார்த்ததில்லை.

ஜெசிந்தா அறுத்து வைத்த தலைப்பாகையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்பா இறந்தப்போ, கடைசியா எண்ணெய் வைக்கும்போது பார்த்திருப்பீங்களே."

"புறங்கையால வைக்கச் சொன்னாங்க. வெச்சேன்." தவசிமுத்துவின் குரல் யாருடைய குரலாகவும் இல்லாமல் வந்தது. "கண்ணை மூடிக்கிட்டேன் டீச்சர்."

அவள் பொம்மையை எடுத்துத் தரையில் கிடந்த பலகையில் வைத்தாள். அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றார். காலடியில், தலைப்பாகை இல்லாமல், அப்பா வாட்ச் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப வைங்க."

அவர் குனிந்தார். முழங்கால் தரையில் பட்டது. உச்சந்தலையில் கட்டைவிரலை வைத்து, மெல்ல அழுத்தி, எண்ணெய் தேய்ப்பதுபோல ஒருமுறை சுழற்றி, அப்படியே பதித்து வைத்திருந்தார். எடுக்க மனமில்லாமல் எடுத்தார். மண்ணில் பள்ளம். பள்ளத்துக்குள் வரி வரியாக ரேகை.

கீழே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அச்சு எடுப்பவர்.

தவசிமுத்து பழக்கத்தில் ஈர ஸ்பாஞ்சை எடுத்தார்.

"கைரேகை விழுந்திருச்சு டீச்சர். வழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்ணே. வழிச்சா, மறுபடியும் யாரும் தொடாத தலை ஆயிடும்."