மினுக்கியின் நீள மாமா

காட்டுக் குளம் ஒன்றில் கருவாலன் என்ற நீர்நாய் தன் மனைவியோடும், மகள் மினுக்கியோடும், இரண்டு கைக்குழந்தைகளோடும் வாழ்ந்து வந்தான். ஒரு கோடையில் குளத்து நீர் பாதியாக வற்றிவிட்டது. மூன்று மலைகளுக்கு அப்பால் இருக்கும் ஆற்றங்கரையில் புது வளை தோண்டலாம் என்று கருவாலன் கிளம்பினான். கைக்குழந்தைகள் நடக்கப் பழகியதும் எல்லோரும் அங்கே குடிபோவதாக ஏற்பாடு.

நாள்தோறும் ஆற்றுக்கும் குளத்துக்கும் பறந்து போய்வரும் மீன்கொத்தியிடம் அவன் மகளுக்குச் சேதி சொல்லி அனுப்பினான். ஆழத்துக்குப் போகாதே, அம்மா சொல்வதைக் கேள், தம்பிகளைப் பார்த்துக்கொள் என்று சேதி போகும். திரும்பி வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "சரி."

பத்து நாளும் அதே "சரி". மகள் தன்னை மறந்துவிட்டாள் என்று கருவாலன் நொந்துபோனான். பெரிய கெண்டை மீன் ஒன்றைக் கொடுத்து அனுப்பட்டுமா என்று மீன்கொத்தியிடம் கேட்டான்.

"மீனெல்லாம் வேண்டாம். நீ உத்தரவாகவே அனுப்பினால் குழந்தை 'சரி' என்று சொல்லாமல் வேறென்ன சொல்வாள்?" என்றது மீன்கொத்தி.

கருவாலன் யோசித்தான். அன்று பாசிப் பாறையில் வழுக்கி, நாலு ஆமைகள் பார்க்கத் தண்ணீரில் குப்புற விழுந்ததைச் சொல்லி அனுப்பினான். "இன்றைக்கு நீ எதைப் பார்த்துச் சிரித்தாய்?" என்றும் கேட்டான்.

மாலையில் வந்த பதிலை ஒரே மூச்சில் ஒப்பித்து முடிப்பதற்குள் மீன்கொத்திக்கு அலகு வலித்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மகளின் நண்டு விளையாட்டும், தம்பிகளின் தும்மலும், தவளையோடு போட்ட சண்டையும் ஒன்று விடாமல் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தன. கருவாலன் மண் தோண்டிக்கொண்டே தனியாகச் சிரிப்பான்.

ஒரு மாலை, மீன்கொத்தி வழக்கம்போல ஒப்பித்தது: "அப்பா, தாழம்புதரில் ஒரு நீள மாமா வந்திருக்கிறார். நான் பேசுவதையெல்லாம் கண்ணைச் சிமிட்டாமல் கேட்கிறார். பாவம், அவருக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. நாளைக் காலையில் அம்மா மீன் பிடிக்கப் போனதும் என்னைக் குளுகுளு குகைக்குக் கூட்டிப் போகிறாராம். அம்மாவிடம் சொல்லக் கூடாதாம்."

கருவாலன் தோண்டுவதை விட்டுத் துள்ளி எழுந்தான். இப்போதே ஓடினாலும் நாளை நண்பகலுக்குத்தான் குளம் போய்ச் சேர முடியும்.

"எத்தனை தடவை சொன்னேன்..." என்று கத்த வாயைத் திறந்தவன், அப்படியே விழுங்கிக்கொண்டான். திட்டினால் அவள் மறுபடியும் 'சரி'க்குப் போய்விடுவாள்.

"முதலில் அவள் அம்மாவிடம் சொல். பிறகு மினுக்கியிடம் இதைச் சொல்: 'நீ இதை என்னிடம் சொன்னது ரொம்ப நல்லது, கண்ணு. அது மாமா இல்லை, மலைப்பாம்பு. அம்மாவை விட்டு நகராதே.' சீக்கிரம் பற!"

மறுநாள் அவனுக்கு வேலை ஓடவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறியபின் மீன்கொத்தி வந்தது. விடிந்ததும் அம்மா கூட்டி வந்த அக்கம்பக்கத்து நீர்நாய்கள் ஏழு சேர்ந்து புதரை வளைத்துக்கொண்டு கூச்சல் போட்டனவாம், வாலைக் கடித்தனவாம். மலைப்பாம்பு அடுத்த காட்டுக்கே ஓடிவிட்டதாம். அம்மாவின் முதுகில் ஏறி நின்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் மினுக்கிதானாம்.

"இன்னொரு சேதியும் உண்டு" என்றது மீன்கொத்தி. "'அப்பா, நேற்று நான் தம்பியின் காதைக் கடித்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.'"

கருவாலன் ஆற்றங்கரையே அதிரும்படி சிரித்தான். பிறகு, எந்தக் காது என்று கேட்டு அனுப்பினான்.

தொலைவில் இருக்கும் பெற்றோர் புத்தி சொல்வதைக் குறைத்துக்கொண்டு பிள்ளையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால், அந்தப் பிள்ளை எதையும் அவர்களிடம் மறைக்காது.