சமையல்கட்டுப் பூட்டு

கதையை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை: பாதியில் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கதையில் அவசரப்பட்டு வாயைத் திறந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்து வீடு. தென்னந்தோப்பு வைத்திருக்கும் தண்டபாணி, அவன் மனைவி பூங்கொடி, பன்னிரண்டு வயது மகள் கனிஷ்கா. வீட்டுக்கு இன்னொரு பெண் வேண்டுமென்று மூன்று பேருக்குமே ஆசை. காப்பகத்தில் பதிந்துவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, ஆறு வயதுத் தாரணியைக் கூட்டிவந்தார்கள்.

கூட்டிவரும் அன்றைக்கே காப்பகத்துச் சாரதாமணி ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் அனுப்பினார். "இவ ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவ. நான் பாக்கப் போறப்பெல்லாம், 'தங்கமான புள்ளைங்க, ஒரு தொந்தரவும் இல்லைங்க'ன்னுதான் அந்த வீட்டுல சொன்னாங்க. கடைசியில ஒரு நாள் பையும் கையுமா கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க." இதைக் கொஞ்சம் காதில் போட்டு வையுங்கள்.

தண்டபாணி வீட்டில் ஒரு வழக்கம். சமையல்கட்டு வாசலைத் தாண்டித் தனியாக இருக்கும். சாப்பிட்டு எழுந்ததும் பூங்கொடி அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். வேறொன்றுமில்லை, குரங்குத் தொல்லை. மலையிலிருந்து இறங்கிவந்தால் சோற்றுப் பானையை உருட்டாமல் போகாது. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆனால் காப்பகத்துக்கு வருவதற்கு முன் நாள்கணக்கில் பட்டினி கிடந்த பிள்ளை ஒரு பூட்டைப் பார்த்தால் என்ன நினைக்கும்? குரங்குக்காகப் பூட்டுகிறோம் கண்ணு என்று சொல்ல அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் நல்லவர்கள்தான், இருந்தும் தோன்றவில்லை, என்ன செய்ய!

தாரணி தோசையைப் பாதி தின்பாள். மீதியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பாள். பூங்கொடி அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குச் சங்கடமாக இருக்குமே என்று சத்தமில்லாமல் எடுத்துப் போட்டாள். அடுத்த நாள் இன்னும் அதிகமாக ஒளிந்தது.

ஒரு காலையில் வாசனை பிடித்துக்கொண்டு குரங்கு ஜன்னல் வழியாக உள்ளே குதித்துத் தலையணையைக் கிழித்தது. தாரணி அலறினாள். விரட்டப் போன கனிஷ்காவின் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறிவிட்டது. அடித்துப்பிடித்து நாலு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போட்டு, கட்டுக் கட்டி வீடு திரும்பினால் வாசலில் சாரதாமணி நிற்கிறார்.

அவர் பார்க்க வரும் நாள் என்பதையே மறந்துவிட்டார்கள். இந்த வீடு பிள்ளைக்குச் சரிப்படாது என்று அவருக்குத் தோன்றினால் போதும், தாரணி மறுபடி காப்பகத்துக்குப் போக வேண்டியதுதான்.

"பாப்பாவுக்குக் கையில என்னாச்சு?" என்றார்.

தண்டபாணி முந்திக்கொண்டான். "சும்மா கீறலுங்க, தோப்புல விழுந்துட்டா. தாரணி தங்கமான புள்ளைங்க. ஒரு தொந்தரவும் இல்லைங்க." சாரதாமணியின் முகம் ஏனோ சுண்டிப்போனது.

"அப்ப அது?" என்று ஜன்னல் வழியாக உள்ளே கிழிந்துகிடந்த தலையணையைக் காட்டினார். பஞ்சுக்கு நடுவே தோசைத் துண்டுகள்.

கனிஷ்கா ஓடிவந்தாள். "நான்தாங்க ஆன்ட்டி தலகாணிக்குள்ள தோசை வச்சேன். அதுக்குத்தான் குரங்கு வந்துச்சு. தாரணி ஒண்ணுமே பண்ணலைங்க!"

தாரணி அக்காவின் கைக்கட்டையே பார்த்தாள். மெதுவாக வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் துணிப்பை இருந்தது. வந்த அன்றைக்குக் கொண்டுவந்த அதே பை. ஒருத்தரும் சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு சாரதாமணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

பூங்கொடி முன்னால் வந்தாள். "ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க மேடம்."

"ஏம்புள்ள, சும்மா இரு!" என்று பல்லைக் கடித்தான் தண்டபாணி.

அவள் நிறுத்தவில்லை. "ஒளிச்சு வச்சது தாரணிதான். தெனமும் ஒளிக்கிறா. காலையில அதனால கனிஷ்கா கை கிழிஞ்சதும் எனக்கு ஆத்திரம் வந்து அடிக்கவே கை ஓங்கிட்டேன். ஆனா சமையல்கட்டைப் பூட்டுனது நானுங்க. எதுக்குப் பூட்டுறேன்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

பிறகு தாரணியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாவியை நீட்டினாள். "பூட்டு குரங்குக்குத்தான் கண்ணு, உனக்கில்ல. இனி சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

தாரணி கை நீட்டவில்லை. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாரதாமணி கிளம்பத் தயாரானார்.

இப்போது நீங்கள் வாயைத் திறக்கலாம். அப்பா பயந்து மறைத்தான். அக்கா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அம்மா எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். பிள்ளை போய்விடக் கூடாது என்ற தவிப்பு மூன்று பேருக்கும் ஒன்றுதான். இதில் யார் செய்தது சரி? சாரதாமணி தாரணியைக் கூட்டிப்போனாரா, விட்டுப்போனாரா?

விடை: அம்மா செய்ததுதான் சரி. அப்பா சொன்ன அதே வார்த்தையைத்தான் தாரணியைத் திருப்பி விட்ட வீடும் சொன்னது. அதைக் கேட்டுத்தான் சாரதாமணி பயந்தார். அக்காவின் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்காவே பொய் சொல்லி மறைக்கிறாள் என்றால், வெளியே சொல்ல முடியாத குற்றம் செய்துவிட்டோம் என்று நினைத்துத்தானே சின்னவள் பையை எடுத்தாள்? அம்மா தன் கோபத்தையும் தப்பையும் சேர்த்தே சொன்னாள், சொன்ன பிறகும் சாவியை நீட்டினாள். "அடுத்த மாசம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாரதாமணி தனியாகத்தான் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் தாரணி பையைக் கீழே வைத்தாள், சாவியை வாங்கினாள், சமையல்கட்டைத் திறந்தாள். சோற்றுப் பானை, மாவுப் பாத்திரம், வாழைப்பழச் சீப்பு எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தாள். ஒன்றையும் எடுக்கவில்லை. வெளியே வந்து, எக்கி நின்று, பூட்டினாள். "ஏன் கண்ணு பூட்டிட்ட?" என்று கேட்டான் தண்டபாணி. "தொறந்து போட்டா நம்ம சோத்தைக் குரங்கு தின்னுபோடுமில்ல?" என்றாள்.